‘சும்மா வந்தேன்’ என்று சொல்ல ஓர் இடம்: நகரத்து ஏழைக் குடியிருப்பில் பெண்கள் மையம் தொடங்கி நடத்துவது எப்படி?

ஒரு பெண் கதவருகே வந்து நிற்கிறாள். உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. “என்ன வேணும்மா?” என்று கேட்டால், “ஒண்ணுமில்லக்கா, சும்மா வந்தேன்” என்கிறாள்.

இப்படி ஒரு மையத்தில் பல வருடம் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே காதில் விழும் சொற்களிலேயே கனமானது இந்தச் ‘சும்மா’தான். அதற்குப் பின்னால் மூன்று மாத வாடகை பாக்கி இருக்கும். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மகன் இருப்பான். ரவிக்கைக்குள் மறைத்த காயம் இருக்கும். சில நாள் உண்மையிலேயே ஒன்றும் இருக்காது. ஒற்றை அறையில் ஆறு பேரோடு மூச்சு முட்டிப்போய், அரை மணி நேரம் வேறொரு கூரையின் கீழ் உட்கார வந்திருப்பாள். எது என்று அன்றைக்கே நமக்குத் தெரிந்தாக வேண்டியதில்லை.

தையல் வகுப்பு, கணினி வகுப்பு, ஆலோசனை முகாம் எல்லாம் பிறகு வரலாம். காரணம் சொன்னால்தான் நுழைய முடியும் என்றிருக்கும் மையத்துக்கு, உதவி அதிகம் தேவைப்படுகிறவள் கடைசியில்தான் வருவாள், அல்லது வரவே மாட்டாள். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தச் ‘சும்மா’வைக் கெடுக்காமல் ஒரு மையத்தை எப்படிக் கட்டுவது என்பதற்கானவை.

முதல் படி: அறை தேடும் முன் தெருவில் நடங்கள்

பெரும்பாலானவர்கள் முதலில் அறை பிடிக்கிறார்கள், பெயர்ப் பலகை மாட்டுகிறார்கள், அப்புறம் “ஏன் யாரும் வரவில்லை?” என்று யோசிக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். குறைந்தது இரண்டு மூன்று மாதம் அந்தப் பகுதியில் நடங்கள். தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் ஒருமுறை, பள்ளி விடும் நேரத்தில் ஒருமுறை, வேலைக்குப் போனவர்கள் திரும்பும் மாலையில் ஒருமுறை. பெண்கள் ஏற்கெனவே எங்கே கூடுகிறார்கள் என்று பாருங்கள். குழாயடி, பள்ளி வாசல், மருத்துவமனை பெஞ்சு என்று எங்காவது ஓர் இடம் இருக்கும். ஒவ்வொரு தெருவிலும் எல்லோரும் போய்க் கேட்கும் ஒருத்தியும் இருப்பாள். பிரசவ வலி வந்தால் முதலில் கூப்பிடப்படுகிறவள், அவசரத்துக்குக் கைமாற்று கொடுக்கிறவள். அவளுக்குப் பதவி எதுவும் இருக்காது. அவளைத் தெரிந்துகொள்ளாமல் மையம் திறக்காதீர்கள்.

பேசும்போது “உங்களுக்கு என்ன தேவை?” என்று கேட்பதில் பயன் குறைவு. கேட்கிறவர் எதைக் கொடுக்கக் கூடும் என்று ஊகித்து, அதையே பதிலாகச் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பதில், “நேற்று காலை எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன செய்தீங்க?” என்று கேளுங்கள். மணிக்கணக்கு தானாக வெளியே வரும். உலக அளவில் சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் செலவாகும் மொத்த நேரத்தில் 76.2 விழுக்காடு பெண்களின் தலையில் விழுகிறது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2018-ல் கணக்கிட்டது. உங்கள் தெருவில் அந்த எண் எந்த நேரத்தில், எந்த வேலையாக வருகிறது என்பதுதான் மையத்தின் நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்யும்.

வீடுகளைப் பார்க்க ஐ.நா. குடியிருப்பு அமைப்பின் ஐந்து அளவுகோல்களை மனதில் வைத்துக்கொள்ளலாம்: நல்ல தண்ணீர், கழிப்பறை, நெரிசல் இல்லாத அறை, உறுதியான கட்டடம், எந்த நேரமும் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயமில்லாத குடியிருப்பு உரிமை. கடைசி ஒன்று கண்ணுக்குத் தெரியாது, கேட்டால்தான் தெரியும். நான் பார்த்தவரை குடும்பத்தை அதிகம் அரிப்பதும் அதுதான்.

கணக்கெடுப்பு நடத்தியே ஆகவேண்டும் என்றால், மும்பை பைகுல்லாவில் நடந்ததைப் பாருங்கள். 1984-ல் தொடங்கிய ஸ்பார்க் அமைப்பு, நகராட்சி மருந்தக வளாகத்தில் இருந்த ஒரு பழைய கார் கொட்டகையில்தான் நடைபாதைப் பெண்களோடு பழக ஆரம்பித்தது. 1985-ல், முன்னறிவிப்போடு நடைபாதைக் குடிசைகளை அகற்றலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நேரத்தில், அந்த மக்களையே சேர்த்துக்கொண்டு சுமார் 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள். அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்களுக்குக் கையில் காட்ட ஒரு கணக்கு கிடைத்தது. அந்தப் பெண்களே அடுத்த ஆண்டு மகிளா மிலன் என்ற தங்கள் அமைப்பைக் கட்டினார்கள். எடுத்த தகவலைக் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொண்டுபோய்ப் படித்துக் காட்ட முடியாதென்றால், கணக்கெடுப்பை விட்டுவிடுங்கள். பொழுது மிச்சம்.

இரண்டாம் படி: யார் நடத்துவது?

நிர்வாகக் குழுவில் ஏழு பேர் என்றால் நால்வராவது அந்தத் தெருக்களில் வசிப்பவர்களாக இருக்கட்டும். நால்வரும் ஒரே தெரு, ஒரே மொழி, ஒரே சமூகம் என்று அமைந்துவிட்டால் மற்றவர்களுக்கு அது ‘அவங்க மையம்’ ஆகிவிடும். அந்தப் பெயர் ஒருமுறை ஒட்டினால் உரிப்பது கஷ்டம்.

உங்கள் நாட்டுச் சட்டப்படி அமைப்பைப் பதிவு செய்யுங்கள். வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்து, அவர்கள் உறவினர்களாக இருக்கக் கூடாது. இவை வழக்கமான விஷயங்கள், பதிவு அலுவலகத்திலேயே சொல்வார்கள்.

அவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. உள்ளூர்ப் பெண்களின் உழைப்புக்குச் சம்பளம் கொடுங்கள். வெளியிலிருந்து வரும் ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம், கதவைத் திறந்து, குழந்தைகளைப் பார்த்து, தெரு முழுக்கப் போய்ச் சொல்லி வருகிறவளுக்குச் ‘சேவை’ என்ற பட்டம் என்று பல மையங்கள் ஓடுகின்றன. ஒரு வேளை வேலையை விட்டுவிட்டு அவள் இங்கே வந்து நிற்கிறாள் என்பதை மறந்துவிடுகிறோம். முழுச் சம்பளம் கொடுக்க முடியவில்லை என்றால் மணிக்கணக்கில் கொடுங்கள், ஆனால் கொடுங்கள்.

மூன்றாம் படி: இடம்

இடுப்பில் குழந்தையோடு பத்துப் பதினைந்து நிமிடத்தில் நடந்து வரக்கூடிய தூரம். தரைத்தளம். அதைவிட முக்கியம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது. பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ அருகில் இருந்தால், “எங்கே போறே?” என்ற கேள்விக்கு அவளிடம் ஒரு பதில் இருக்கும். அந்தச் சாக்கு கையில் இல்லாமல் பல பெண்களால் வீட்டைவிட்டு நகர முடியாது. மதுக்கடை பக்கத்தில் வேண்டாம், கட்சி அலுவலக மாடியிலும் வேண்டாம்.

பெயர்ப் பலகையில் ‘பாதிக்கப்பட்ட’, ‘ஆதரவற்ற’, ‘கைவிடப்பட்ட’ போன்ற சொற்கள் எதுவும் இருக்கக் கூடாது. அந்தப் பலகைக்குக் கீழே நுழைந்தவளைத் தெருவே பார்க்கும்.

உள்ளே என்ன வேண்டும்? ஒரு பெரிய அறை, அதை ஒட்டிக் கதவடைத்துப் பேச ஒரு சின்ன அறை, கழிப்பறை, இரண்டாவது வாசல். சின்ன அறையை வாடகை பேசும் முன்பே சோதித்துவிடுங்கள். ஒருவர் உள்ளே சாதாரணக் குரலில் பேசட்டும், நீங்கள் வெளியே நின்று கேளுங்கள். வார்த்தை புரிகிறது என்றால் அந்த அறை உதவாது. புரியாமல் வெறும் முணுமுணுப்பாகக் கேட்டால் பரவாயில்லை. கழிப்பறையில் உள்தாழ்ப்பாள் சரியாக விழ வேண்டும், தண்ணீர் இருக்க வேண்டும், மூடியுள்ள குப்பைக்கூடை வேண்டும். நாங்கள் தொடங்கிய முதல் வருடத்தில் சிலர் கழிப்பறைக்காகவே வந்தார்கள். அதைச் சொல்ல அவர்களுக்குக் கூச்சம், எங்களுக்கும் புரிய நாளானது.

நாற்காலிகளில் கொஞ்சம் கவனம் செலுத்துங்கள். மேசைக்கு அந்தப்பக்கம் நாம், இந்தப்பக்கம் அவள் என்று போட்டால் அது அலுவலகம். மேசையை ஓரமாகத் தள்ளி, இரண்டு நாற்காலிகளையும் சற்றே சாய்கோணத்தில் போடுங்கள். அப்போது அவள் நம் முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டும் பேசலாம். கதவுக்கு அருகில் இருக்கும் நாற்காலி எப்போதும் அவளுடையது. எழுந்து போக நினைத்தால் நம்மைத் தாண்டிப் போகும்படி இருக்கக் கூடாது.

நான்காம் படி: திறக்கும் நேரம்

மையத்தின் மூலதனம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: சொன்ன நேரத்தில் கதவு திறந்திருப்பது. வாரம் ஆறு நாள் என்று அறிவித்து நடுவில் இரண்டு நாள் பூட்டிக் கிடப்பதைவிட, வாரம் இரண்டே நாள், காலை பத்திலிருந்து இரண்டு வரை, மழையோ வெயிலோ திறந்திருப்பது எவ்வளவோ மேல்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை ஊழியர் பயிற்சிக்காக மூடினோம். ‘இன்று விடுமுறை’ என்று தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனோம். நான்கு மாதம் கழித்து ஒரு பெண் வந்தாள். “அன்னைக்கு வந்தேன்க்கா, பூட்டியிருந்துச்சு. ஏதோ எழுதி ஒட்டியிருந்தீங்க” என்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மூன்று வாரமாகத் துணிவு சேர்த்து, கணவன் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறாள். இனி வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டு போனவள், இடைப்பட்ட நான்கு மாதத்தில் என்னென்ன பட்டாள் என்பதை அப்புறம் சொன்னாள். அதற்குப் பிறகு பயிற்சி என்றால் மூடியிருக்கும் நாளில்தான் என்று விதி வைத்தோம். தவிர்க்கவே முடியாத நாளில் யாராவது ஒருவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம்.

நேரத்தைத் தேர்ந்தெடுக்க முதல் படியில் கேட்ட ‘நேற்றைய நாள்’ கணக்கு உதவும். பொதுவாக, குழந்தைகளைப் பள்ளியில் விட்ட பிறகு வரும் முதல் ஒரு மணி நேரமும், பகல் வேலைக்குப் போகிறவர்களுக்காக வாரத்தில் ஒரு மாலையும் பயன்படும்.

ஐந்தாம் படி: குழந்தைகள்

குழந்தையை வைத்துக்கொள்ள ஆள் இல்லாத மையம் குழந்தையில்லாதவர்களுக்கு மட்டுமான மையம். 1889-ல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் அமெரிக்காவின் சிகாகோ நகரில், புலம்பெயர்ந்த தொழிலாளர் பகுதியில் ஹல் ஹவுஸ் என்ற சமூக மையத்தைத் திறந்தபோது, இலக்கியமும் கலையும் பகிர்ந்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தார்கள். சீக்கிரமே மழலையர் வகுப்பும் குழந்தைகள் காப்பகமும் அங்கே வந்துவிட்டன. அக்கம்பக்கத்தாருக்கு முதலில் வேண்டியிருந்தது அதுதான். கட்டட வேலைக்கு வரும் தாய்மாரின் குழந்தைகளுக்காக 1969-ல் டெல்லியில் மீரா மகாதேவன் தொடங்கிய மொபைல் கிரெஷஸ் அமைப்பும், தாய் வேலை செய்யும் இடத்துக்கே காப்பகத்தைக் கொண்டுபோனது.

உங்கள் மையத்தில் ஒரு மூலை போதும். தாயின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் பாய், கழுவக்கூடிய பொம்மைகள், தாள், வண்ணக்குச்சி. விதிகளில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எந்தப் பெரியவரும் குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இருவர். குழந்தையை யாரிடம் கொடுக்கலாம் என்று தாய் சொன்ன பெயர் தவிர வேறு யார் வந்து கேட்டாலும், “அப்பாதான் நான்” என்றாலும், தாயைக் கேட்காமல் அனுப்பக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. வேலைக்குச் சேர்க்கும் முன் ஆளைப் பற்றி விசாரிக்க வேண்டும், தெரிந்தவர் வீட்டுப் பெண்ணாக இருந்தாலும்.

இன்னொன்று. தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு வரும் பத்து வயதுச் சிறுமியைக் கவனியுங்கள். எல்லோரும் தம்பியைத்தான் கொஞ்சுவார்கள். அவள் பள்ளிக்குப் போகவேண்டிய நேரத்தில் இங்கே ஏன் இருக்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை. தம்பியை வாங்கிக்கொண்டு அவள் கையில் வண்ணக்குச்சியைக் கொடுங்கள். மீதியைக் கொஞ்ச நாளில் அவளே சொல்வாள்.

ஆறாம் படி: தாள் மேசை

முதல் மூன்று மாதம் என்ன நடத்துவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். ஒரு மேசை போட்டு, “உங்களிடம் புரியாத தாள் எதுவும் இருந்தால் கொண்டு வாருங்கள்” என்று சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்த மின்கட்டண ரசீது, பள்ளிக் கடிதம், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ், மருந்துச் சீட்டு எல்லாம் வந்து விழும். தாளைக் காட்டுவதில் வெட்கம் குறைவு. வாழ்க்கையைப் பற்றிப் பேசாமலே வாழ்க்கையை மேசையில் வைத்துவிடலாம்.

செய்முறை இது. பையை அவளே அவிழ்த்துப் பரப்பட்டும். தேதி வாரியாக அடுக்குங்கள். கெடு உள்ளவை, பதில் எழுத வேண்டியவை, வைத்துக்கொண்டால் போதுமானவை என மூன்று குவியல். கெடு உள்ளதன் தேதியைப் பெரிதாக எழுதி அதன் மேலேயே ஒட்டுங்கள்; படிக்கத் தெரியாதவருக்கு நாட்காட்டியில் வட்டம் போட்டுக் கொடுங்கள். நகல் எடுத்துக்கொண்டு அசலை அன்றே, அப்போதே திருப்பிக் கொடுங்கள். ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று அசலை வாங்கி வைப்பது எவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தாலும் அதிகாரம்தான். அவளே கேட்டால் மட்டும், ரசீது எழுதிக் கொடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கடிதம் எழுதும்போது அவள் சொல்லும் வரிசையிலேயே எழுதி, முடித்ததும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். “அது அப்படி இல்ல” என்று அவள் திருத்தும் இடத்தில்தான் உண்மையான விஷயம் இருக்கும். அலுவலகத்துக்குக் கூடப் போனால் பேசுவது அவள், நாம் பக்கத்தில் உட்காருவது மட்டும். அதிகாரி நம்மைப் பார்த்துப் பேசுவார். நீங்கள் அவள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அவர் பார்வையும் திரும்பும்.

வேறு இடங்களுக்கு அனுப்ப ஒரு பட்டியல் தேவைப்படும். அதிலுள்ள ஒவ்வோர் இடத்துக்கும் ஒருமுறையாவது நேரில் போயிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா எண்களுக்கும் போன் செய்து பாருங்கள். எடுக்காத எண்ணைக் கொடுத்து அனுப்பினால், அவள் நம்பிக்கை போவது அந்த அலுவலகத்தின் மேல் அல்ல, நம் மேல்.

திட்டங்களை எல்லாம் இந்த மேசையில் சேர்ந்ததை வைத்துத்தான் யோசிக்க வேண்டும். ஹல் ஹவுஸ் இங்கேயும் உதாரணம். மலிவான, சத்தான உணவை அறிவியல் முறையில் சமைத்து விற்க ஒரு பொதுச் சமையலறை திறந்தார்கள். எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அவரவருக்கு அவரவர் வீட்டு ருசி. ஆனால் அதோடு சேர்த்துத் திறந்த காபிக் கடையில் கூட்டம் கூடியது, அக்கம்பக்கத்தார் சந்திக்கும் இடமாகவே அது ஆகிப்போனது. சமையலறை தோற்றதை ஜேன் ஆடம்ஸே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அதனால்தான்.

ஏழாம் படி: அடிபட்டவள் வரும்போது

வருவாள். நீங்கள் அதற்காகத் திறக்காவிட்டாலும் வருவாள். 1971-ல் லண்டனின் சிஸ்விக் பகுதியில் எரின் பிட்ஸி ஒரு சின்ன வீட்டைத் திறந்தது, பெண்கள் குழந்தைகளோடு வந்து கூடிப் பேசத்தான். அடிபட்ட பெண்கள் வந்தார்கள், திரும்பிப் போக இடமில்லாமல் தங்கினார்கள். வன்முறையிலிருந்து தப்பி வருபவர்களுக்கான நவீனக் காப்பகங்களில் முன்னோடி ஒன்று அப்படித்தான் உருவானது. உலகில் ஏறக்குறைய மூன்று பெண்களில் ஒருவர் வாழ்நாளில் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட மதிப்பீடு. ஆகவே முதல் நாளிலிருந்தே தயாராக இருங்கள்.

அதே நிறுவனம் மருத்துவப் பணியாளர்களுக்காக 2014-ல் கொடுத்த ஐந்து படிகள் நமக்கும் பொருந்தும்: குறுக்கிடாமல் கேள், இப்போது என்ன வேண்டும் என்று விசாரி, நம்புகிறேன் என்று காட்டு, பாதுகாப்பைக் கூட்ட வழி பார், அடுத்த உதவியோடு இணை. இதில் ‘விட்டுவிட்டு வா’ என்பது இல்லை என்பதைக் கவனியுங்கள். பிரிந்து போகும் கட்டத்திலும் அதன் பிறகு சில காலமும்தான் ஆபத்து பல நேரம் உச்சத்தில் இருக்கும். எப்போது, எப்படி என்பது அவள் கணக்கு. நம் வேலை அந்தக் கணக்கைப் போட அவளுக்கு இடமும் நேரமும் கொடுப்பது.

சில அறிகுறிகளைக் கேட்டால் தாமதிக்கக் கூடாது. கழுத்தை நெரித்தான், கொன்றுவிடுவேன் என்றான், ஆயுதம் இருக்கிறது, கர்ப்பமாக இருக்கும்போது அடிக்கிறான், அடி சமீபமாகக் கூடிக்கொண்டே போகிறது. இவற்றில் கழுத்து நெரிப்பைப் பலர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள், தடயமும் தெரியாது. வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. கணவனைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசாதீர்கள். எதிரில் உட்கார வைத்துக் கேட்டால் அவள் உண்மையைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் வீட்டில் அதற்கு விலை கொடுப்பாள். அவள் போனுக்கு, யார் எடுப்பார்கள் என்று தெரியாமல் அழைக்காதீர்கள், செய்தி அனுப்பாதீர்கள். பாதுகாப்பான நேரத்தையும் எண்ணையும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். ஊழியர் யாரும் அவளைத் தன் வீட்டில் தங்க வைக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை மீற நானே பலமுறை துடித்திருக்கிறேன். மீறாமல் இருக்க ஒரே வழி, காப்பகத்தின் இரவு நேர எண்ணை முன்கூட்டியே கையில் வைத்திருப்பதுதான்.

ரகசியம் காப்போம் என்று சொல்லும் அதே மூச்சில், குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்வோம் என்பதையும் சொல்லிவிடுங்கள். பேசி முடித்த பிறகு சொன்னால் துரோகமாகத் தெரியும்.

எட்டாம் படி: சில்லறைப் பணம்

வட்டிக்கடன் இல்லாத ஏழைக் குடியிருப்பு அரிது. ஆகவே ஒரு கட்டத்தில் சேமிப்புக் குழு பற்றிப் பேச்சு வரும். அவர்களாகக் கேட்கும் வரை பொறுங்கள்.

பார்த்துப் பழக நல்ல மாதிரிகள் இருக்கின்றன. இலா பட் 1972-ல் அகமதாபாத்தில் தொடங்கிய, சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவாவின் பெண்கள், ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டு, 4,000 பேர் சேர்ந்து 1974-ல் தங்கள் வங்கியையே தொடங்கினார்கள். மகிளா மிலனில் சேகரிக்கும் பெண் தினமும் வீடு வீடாகப் போவாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தொகைக்கு ஒரு நிறம் என்று வண்ணத் தாள் துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுப்பார்கள். உறையைத் திறந்து எண்ணினால் தன் கணக்கு தெரியும். 1991-ல் ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் கேர் என்ற சர்வதேச உதவி அமைப்பு தொடங்கி வைத்த கிராமச் சேமிப்புக் குழுக்களில் பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று பேரிடம். எல்லோர் கண்முன்னாலும்தான் பெட்டி திறக்கும்.

இரண்டு எச்சரிக்கை. சேமிப்புப் பணத்தை மையத்தின் கணக்கில் கலக்காதீர்கள், ஒரு நாளைக்குக்கூட. கடன் நிறுவனம் எதுவும் வாரத் தவணை வசூலுக்கு உங்கள் அறையைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். தவணை கட்ட முடியாதவள் அன்றிலிருந்து இந்தத் தெருப்பக்கமே வர மாட்டாள்.

ஒன்பதாம் படி: பதிவேடும் நிதியும்

வாசலில் கையெழுத்துப் புத்தகம் வைக்காதீர்கள். எண்ணிக்கை வேண்டுமென்றால் ஒரு ஜாடியில் ஆளுக்கொரு பாசிமணி போடுங்கள், மாலையில் எண்ணுங்கள். பெயர் எழுதுவது தொடர் உதவி தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும், அவர்கள் சம்மதத்தோடு, பூட்டிய பெட்டியில்.

நிதி கொடுப்பவர்கள் எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை பேருக்குக் கடன் என்று கேட்பார்கள். ‘சும்மா வந்தவர்கள்’ என்ற வரி அவர்கள் படிவத்தில் இருக்காது. நீங்களே சேர்த்து எழுதுங்கள். நாங்கள் எழுதியதை ஒருவர் அடித்துவிட்டு அனுப்பினார், இன்னொருவர் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். ஒரே இடத்திலிருந்து மொத்தச் செலவில் பாதிக்கு மேல் வாங்காமல் இருக்கப் பாருங்கள். மூன்று மாத வாடகையும் சம்பளமும் கையிருப்பில் இருக்கட்டும். அழும் பெண்ணின் படம் கேட்கும் நிதி வேண்டாம்.

பத்தாம் படி: வாசலில் நிற்பவர்கள்

மையம் ஓட ஆரம்பித்ததும் ஆண்கள் வாசலில் வந்து நிற்பார்கள். “உள்ளே என்ன சொல்லிக் கொடுக்கறீங்க?” என்ற கேள்வி வரும். சண்டை வேண்டாம். மாதத்தில் ஒரு நாள், தாள் மேசையை வெளித் திண்ணையில் போட்டு ஆண்களின் தாள்களையும் பாருங்கள். கேள்வி கேட்டவரே முதல் ஆளாகத் தன் ரசீதோடு வந்து உட்காருவார். உள்ளறை மட்டும் பெண்களுக்கானதாகவே இருக்கட்டும். தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர்கள் கூட்டம் போட இடம் கேட்டால் எல்லாக் கட்சிக்கும் ஒரே பதில், முடியாது.

உள்ளூர் அதிகாரத்துக்குப் பெண்கள் கூடுவது பிடிக்காமல் போகலாம் என்பதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரு நாட்டின் லிமா நகர ஓரத்தில், வில்லா எல் சால்வடோர் என்ற ஏழைக் குடியிருப்பில் பெண்கள் கூட்டமைப்பை வழிநடத்திப் பொதுச் சமையலறைகளையும் குழந்தைகளுக்கான பால் திட்டத்தையும் நடத்திய மரியா எலேனா மோயானோவை, 1992 பிப்ரவரியில் ‘ஒளிரும் பாதை’ ஆயுதக் குழு கொன்றது. மிரட்டல் வந்தால் எழுதி வையுங்கள், குழுவில் எல்லோருக்கும் சொல்லுங்கள், ஒருவர் மட்டும் தனியாகப் பூட்டிவிட்டுப் போகும் வழக்கத்தை நிறுத்துங்கள்.

பதினோராம் படி: பூட்டும் நேரமும் சாவியும்

கதவடைத்த பிறகு இருபது நிமிடம் ஊழியர்கள் சேர்ந்து உட்காருங்கள். அன்று கேட்டதில் எது மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். யார் பெயரும் வேண்டாம், தீர்வும் வேண்டாம். இந்த இருபது நிமிடத்துக்கும் சம்பளம் உண்டு. இது இல்லாத மையங்களில் நல்ல ஊழியர்கள் இரண்டு வருடத்தில் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். போகாதவர்கள் சிலர் கல்லாகிவிடுவார்கள், அது இன்னும் மோசம்.

சாவி எத்தனை, யாரிடம் என்பதை வருடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வருடம் இரண்டும் தொடங்கியவர்களிடம்தான் இருக்கும். மூன்றாம் வருடத்தில் ஒன்றாவது அந்தத் தெருப் பெண் ஒருத்தியிடம் இருக்க வேண்டும். நீங்கள் ஊரில் இல்லாத ஒரு வாரம் அவள் திறக்கட்டும், தாள் மேசையை அவள் பார்க்கட்டும், நிதிக்காரரின் போனையும் அவளே எடுக்கட்டும்.

நான் விலகி ஒரு வருடம் கழித்து எங்கள் மையத்துக்குப் போனேன். வாசலில் புதிதாக ஒரு பெண். என்னை அவளுக்குத் தெரியாது. “வாங்கக்கா, என்ன வேணும்?” என்றாள். “ஒண்ணுமில்லம்மா, சும்மா வந்தேன்” என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், கதவுக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.